மூங்கிலா, பிளாஸ்டிக்கா? எந்த டிராயருக்கு என்று முதலில் சொல்லுங்கள்

போன மாதம் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினாள். ஒன்றில் தேன் நிறத்தில் ஒரு மூங்கில் டிரே, கரண்டிக்கும் ஸ்பூனுக்கும் தனித்தனி அறை வைத்தது. மற்றதில் அதே அமைப்பில் வெள்ளை பிளாஸ்டிக். கீழே ஒரு வரி: "அக்கா, மூங்கில் நாலு மடங்கு விலை. ஆனா பார்க்க லட்சணமா இருக்கு. எதை வாங்கட்டும்?" புது ஃபிளாட், புது மாடுலர் கிச்சன், ஏழு டிராயர், ஏழும் காலி.

"எந்த டிராயருக்கு?" என்று திருப்பிக் கேட்டேன். அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. ஒரே சமையலறைக்குள் நாலு விதமான தட்பவெப்பம் இருக்கிறது. சிங்குக்குக் கீழே எப்போதும் ஐப்பசி. அடுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் சித்திரை. ஸ்பூன் வைக்கிற டிராயரில் கொஞ்சம் தை மாதம் மாதிரி இருக்கும். பரண் மேலே என்ன மாதம் என்று யாருக்கும் தெரியாது, ஏறிப் பார்த்தால்தானே. மூங்கிலும் பிளாஸ்டிக்கும் இந்த இடங்களில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

நான் இரண்டையும் வாங்கிக் கெட்டவள் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் நானும் மதுரையில் இருக்கும் பெரியக்காவும் ஒரே மாதிரி மூங்கில் டிரே வாங்கினோம். என் வீடு சென்னையில், கடற்காற்று எட்டுகிற தூரத்தில். அடுத்த கார்த்திகை மழையில் டிராயரைத் திறந்தால் பழைய நோட்டுப் புத்தக வாசனை. ஸ்பூன்களை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அறைகளின் மூலையில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். பூஞ்சை. மதுரையில் இருக்கும் டிரே இன்றைக்கும் புதுசு மாதிரிதான் இருக்கிறது.

## எதை வைத்துப் பார்ப்பது

கடையில் நாம் பார்ப்பது அழகும் விலையும். வீட்டுக்கு வந்த பிறகு தீர்மானிப்பவை வேறு.

முதலாவது ஈரம். அந்த இடத்தில் தண்ணீர் படுமா, ஈரக் கரண்டியை அவசரத்தில் அப்படியே போடுகிற வழக்கம் உண்டா, ஊரே ஈரமான ஊரா. இரண்டாவது பிசுக்கு. தாளிக்கும்போது மேலே போகிற எண்ணெய் ஆவி எங்காவது இறங்கத்தான் வேண்டும். அது தூசியோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டால், சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ முடிகிற பொருளாக இருப்பது முக்கியம். மூன்றாவது பூச்சி: கரப்பான், எறும்பு, கரையான், மூங்கிலைத் துளைக்கும் உளு வண்டு. இந்த மூன்றுமே பாதித் தீர்ப்பைச் சொல்லிவிடும்.

நாலாவதை யாரும் யோசிப்பதில்லை. பொருளே விழுங்குகிற இடம். மூங்கில் தடுப்பு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமன். பிளாஸ்டிக் தடுப்பு இரண்டு மில்லிமீட்டர். உள்ளளவு 40 சென்டிமீட்டர் அகலமுள்ள டிராயரில் ஐந்து அறை மூங்கில் டிரே வைத்தால், நாலு தடுப்பும் இரண்டு ஓரச் சுவரும் சேர்த்து ஆறு சென்டிமீட்டர் போய்விடும். அது ஒரு முழு ஸ்பூன் அறையின் அகலம். பெரிய வீட்டில் இது பொருட்டில்லை. ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில் பொருட்டு.

அப்புறம் எடை, ஆயுள், கடைசியில் குப்பைக்குப் போகும்போது என்ன ஆகும் என்பது. இவற்றைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

## மூங்கில் என்ற பெயரில் விற்கும் மூன்று பொருட்கள்

மூங்கில் உள்ளே வெறும் குழாய். குழாயிலிருந்து தட்டையான பலகை எப்படி வருகிறது? தண்டை நீளவாக்கில் பிளந்து, மேல்தோலைச் சீவி, பட்டை பட்டையாக எடுத்து, வேகவைத்து அல்லது நீராவி காட்டி, உலர்த்தி, இழைத்து, பசை தடவி, அழுத்திப் பலகையாக்குகிறார்கள். உலகச் சந்தையில் இந்த வகைப் பலகைக்குப் பெரும்பாலும் பயன்படுவது சீனாவின் மோசோ இன மூங்கில். ஆகவே நாம் வாங்கும் "இயற்கை மூங்கில் டிரே" என்பது மூங்கில் பட்டையும் பசையும் மேலே ஒரு வார்னிஷும் சேர்ந்தது. பெட்டியைப் பிரித்ததும் மூக்கில் ஏறும் வாசனை அந்தப் பசையும் வார்னிஷும்தான். நாலைந்து நாள் காற்றாட வைத்துவிட்டு உள்ளே வையுங்கள். கருகிய பழுப்பு நிறத்தில் வருவது சாயம் பூசியது இல்லை, அழுத்தமான நீராவியில் வேகவைத்தது. பார்க்கக் கனமாகத் தெரியும், ஆனால் வெளிர் மூங்கிலைவிடக் கொஞ்சம் மென்மையானது.

இரண்டாவது வகை நம் ஊரில் முடையும் கூடையும் தட்டும் முறமும். பசை கிடையாது, வார்னிஷ் கிடையாது. காற்று எல்லாப் பக்கமும் போய்வரும். அந்தக் காலத்தில் புது முறத்துக்கு வெந்தயமும் ஊறவைத்த காகிதமும் சேர்த்து அரைத்துப் பூசிக் காயவைப்பார்கள். இடுக்கு அடைபடும், முறமும் நாள்பட உழைக்கும். என் பாட்டி செய்யும்போது வீடே வெந்தயக் களி வாசனை அடிக்கும். இன்றைக்கு யாரும் செய்வதில்லை, நானும் செய்வதில்லை.

மூன்றாவது வகையில்தான் ஏமாறுகிறோம். "பேம்பூ ஃபைபர்" என்று போட்டு, மெல்லிய நிறங்களில், கையில் எடுத்தால் பீங்கான் மாதிரி வழவழப்பாக வருகிற டப்பாக்கள், கப்புகள். இவற்றில் பெரும்பாலானவை மெலமைன் பிசினில் மூங்கில் தூளைக் கலந்து வார்த்தவை. அதாவது பிளாஸ்டிக். சூடான, புளிப்பான பொருளை ஊற்றினால் மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் கசியலாம் என்ற காரணத்தால் 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் இவற்றைச் சந்தையிலிருந்து அகற்றத் தனி நடவடிக்கையே எடுத்தது. மூங்கில் என்று நினைத்து இதை வாங்குவதைவிட, பிளாஸ்டிக் என்று தெரிந்தே நல்ல பிளாஸ்டிக் வாங்கலாம்.

## மூங்கில்: எங்கே ஜெயிக்கிறது, எங்கே தோற்கிறது

மூங்கில் தாவரவியல்படி புல். நம் சட்டத்துக்கே இதில் குழப்பம் இருந்தது. 1927-ஆம் ஆண்டு வனச் சட்டம் அதை மரக் கணக்கில் வைத்திருந்தது. 2017-ல்தான் திருத்தம் கொண்டுவந்து அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். வாங்குகிற நமக்கும் அதே குழப்பம் உண்டு, தேக்கு மாதிரி உழைக்கும் என்று எதிர்பார்க்கிறோம். தேக்கின் வைரத்தில், அதாவது கெட்டியான நடுக்கட்டையில், பூச்சியை அண்டவிடாத எண்ணெய் இருக்கிறது. மூங்கிலில் அப்படி எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் மாவுச்சத்து. பூஞ்சைக்கும் உளுவுக்கும் அது விருந்து.

ஈரம். இங்கேதான் பெரிய தோல்வி. மேலே தண்ணீர் தெளித்தால் வார்னிஷ் காப்பாற்றும். ஆனால் வெட்டுமுனைகளில் வார்னிஷ் மெலிதாகத்தான் இருக்கும், அதன் வழியே நீர் ஏறும். பல டிரேக்களின் அடியில் இருப்பது மூங்கிலே இல்லை, மெல்லிய பிளைவுட் தகடு. முதலில் ஊதுவது அதுதான். வாங்கும்போது திருப்பிப் பார்த்து அடித்தகட்டைத் தட்டிப் பாருங்கள். சிங்குக்குப் பக்கத்தில் வைக்கும் மூங்கில் பாத்திர ஸ்டாண்டைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

பிசுக்கு. ஈரத்துணியால் துடைக்கலாம், ஊறவைத்துத் தேய்க்க முடியாது. அடுப்புக்குப் பக்கத்தில் மூங்கில் மசாலா ஸ்டாண்டு வைத்தால் ஆறு மாதத்தில் ஒரு மஞ்சள் படலம் ஏறும், அது போகாது. மூங்கிலில் இறங்கிய மஞ்சள் கறையும் அப்படித்தான், கொஞ்சம் வெளுக்குமே தவிர முழுக்க விடாது.

பூச்சி. ஒருநாள் டிரேக்கு அடியில் வெளிர்மஞ்சள் தூள் சின்னக் குவியலாகக் கிடந்தது. கோதுமை மாவு கொட்டியிருக்கிறது என்று துடைத்தேன். இரண்டு நாளில் மறுபடி அதே இடத்தில் அதே குவியல். டிரேயை நியூஸ்பேப்பர் மேல் தட்டியபோது இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. விளிம்பில் குண்டூசி குத்தினதுபோல் மூன்று துளை. உளு. மூங்கிலைத் துளைக்கும் சின்ன வண்டு உள்ளே இருந்து மாவுச்சத்தைத் தின்று வெளியே தூளைத் தள்ளுகிறது. வேகவைத்துப் பதப்படுத்திய மூங்கிலில் இது அபூர்வம், அவசரமாகச் செய்த மலிவுப் பொருளில் சகஜம். முடைந்த கூடையில் இன்னும் சகஜம். அந்தக் காலத்தில் வெட்டிய மூங்கிலை வாரக்கணக்கில் குளத்திலோ ஓடையிலோ ஊறப்போடுவது இதற்குத்தான், சர்க்கரையும் மாவும் கரைந்து போய்விடும். இப்போது போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். பெட்டியில் அப்படி ஏதாவது எழுதியிருந்தால் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு அர்த்தமுண்டு.

இவ்வளவு திட்டிய பிறகு ஜெயிக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். உலர்ந்த டிராயரில் மூங்கில் டிரே ஒரு சுகம். டிராயரை இழுத்துச் சாத்தும்போது ஸ்பூன் எல்லாம் சலங்கை மாதிரிச் சத்தம் போடாது. டிரே தன் கனத்திலேயே உட்கார்ந்திருக்கும், நகராது. கனமான தோசைத் திருப்பி, ஜல்லிக்கரண்டி, பூரிக்கட்டை என்று எதைப் போட்டாலும் அடி தொய்யாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறைந்த மூங்கில் டிரேயை வெளியே எடுத்துத் துடைக்க அம்மாவால் முடியவில்லை, நான் போகும்வரை காத்திருக்கிறாள்.

முடைந்த கூடைக்குத் தனி மதிப்பெண். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் அதற்கு இணை இல்லை. சின்ன வெங்காயம் மூடிய டப்பாவில் மூன்று நாளில் வியர்க்கும், ஐந்தாம் நாள் நாறும். கூடையில் பரப்பினால் வாரக்கணக்கில் இருக்கும். இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள், உருளை சீக்கிரம் முளைவிடும்.

## பிளாஸ்டிக்: எந்த பிளாஸ்டிக்?

பிளாஸ்டிக் என்று பொதுவாகச் சொல்வது "எண்ணெய்" என்று சொல்வது மாதிரி. நல்லெண்ணெயா, விளக்கெண்ணெயா? டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். ஐந்து என்றால் பாலிப்ரோப்பிலீன். வளையும், உடையாது, கொதித்த தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் உருக்குலையாது. சமையலறைக்கு இதுதான் முதல் தேர்வு. ஒன்று என்றால் பெட், தண்ணீர் பாட்டில் செய்கிற சாமான். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், ஆனால் 70 டிகிரிக்கு மேல் தளர்ந்துவிடும். சுடுதண்ணீரில் கழுவி மூடி பொருந்தாமல் போன டப்பாக்கள் எல்லார் வீட்டிலும் இருக்கும். ஆறு என்றால் பாலிஸ்டைரீன். தெளிவாக, விறைப்பாக இருக்கும், கீழே விழுந்தால் கீறிவிடும். எலுமிச்சைத் தோலில் இருக்கும் எண்ணெய் அதைக் கரைக்கவே செய்யும், எலுமிச்சம்பழம் வைத்த இடம் மங்கிப்போவது அதனால்தான்.

எண் இல்லையா? நகத்தால் சுண்டிப் பாருங்கள். தகரம் மாதிரி "டிங்" என்றால் பாலிஸ்டைரீனாக இருக்க வாய்ப்பு அதிகம். மந்தமாகச் சத்தம் வந்து, அழுத்தினால் வளைந்து திரும்பினால் பாலிப்ரோப்பிலீன். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பாலிப்ரோப்பிலீன் மிதக்கும், பெட்டும் பாலிஸ்டைரீனும் மூழ்கும். நான் கடைக்கே வாளியோடு போனதில்லை, ஆனால் நினைத்ததுண்டு.

"பிபிஏ ஃப்ரீ" என்று பெரிதாகப் போட்டு விலை ஏற்றியிருந்தால் அசந்துவிடாதீர்கள். பிபிஏ என்பது சில பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ஒரு ரசாயனம். பாலிப்ரோப்பிலீன் செய்ய அது தேவையே இல்லை. அது முக்கியமாகப் பாலிகார்பனேட் என்ற வேறொரு பிளாஸ்டிக்கின் சமாச்சாரம். தேங்காய் எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை என்று எழுதுவது மாதிரிதான்.

ஈரம். கவலையே வேண்டாம். சிங்கடியில், ஃபிரிட்ஜில், ஈரத்துணி வைக்கும் மூலையில் பிளாஸ்டிக்குக்கு நிகர் பிளாஸ்டிக்தான். ஓட்டை வைத்த கூடை மாதிரி இருந்தால் நல்லது. அடி மூடியிருந்தால் தண்ணீர் தேங்கி வழவழப்பு ஏறும்.

பிசுக்கு. பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஆவி நன்றாகவே ஒட்டும். வித்தியாசம் என்னவென்றால் இதைக் கழுவ முடியும். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப்பொடி போட்டு அரை மணி ஊறவைத்தால் கழன்றுவிடும். அதனால்தான் வழவழப்பான பிளாஸ்டிக்காக வாங்கச் சொல்கிறேன். பிரம்புப் பின்னல் மாதிரி அச்சு போட்ட பிளாஸ்டிக் கூடை பார்க்க அழகு. ஒவ்வொரு பின்னல் இடுக்கிலும் பல்துலக்கும் பிரஷை விட்டுத் தேய்க்க உட்காரும்போது அந்த அழகு போய்விடும். மஞ்சள் கறைக்கு ஒரு வழி: கழுவி வெயிலில் இரண்டு நாள் வையுங்கள். மஞ்சளின் நிறச்சத்து வெயில் தாங்காது, வெளுத்துவிடும். ஆனால் வெயிலில் நிரந்தரமாக வைத்தால் பிளாஸ்டிக்கே நொறுங்கும். ஜன்னலோரக் கூடைகள் இரண்டு மூன்று கோடையில் விளிம்பு உதிர்வதைப் பார்த்திருக்கலாம்.

பூச்சி. உளுவும் கரையானும் கிட்டே வராது. ஆனால் டிரேயைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பு உட்பக்கமாக மடிந்து ஒரு பள்ளம் ஓடும். இருட்டு, சூடு, யாரும் தொடாத இடம். கரப்பான் முட்டைக்கூடுகளை நான் முதலில் கண்டது அங்கேதான், பழுப்பு நிறத்தில் சின்னப் பர்ஸ் மாதிரி மூன்று, வரிசையாக. மூங்கில் டிரே அடியோடு தட்டையாக உட்காருவதால் இந்த ஒரு விஷயத்தில் அது மேல்.

சூடு. அடுப்பிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள், எந்தப் பொருளானாலும். வாணலியை எடுத்து அவசரத்தில் வைத்தால் பிளாஸ்டிக் ஒரே நொடியில் வாயைப் பிளக்கும். என் மசாலா ஸ்டாண்டின் ஒரு காது இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இடமும் ஆயுளும். மெல்லிய சுவர், பல அளவு, தனித்தனி டப்பாவாகச் சேர்த்து எந்த டிராயருக்கும் பொருத்தலாம். கண்ணாடி மாதிரி இருந்தால் திறக்காமலே உளுந்தா, துவரம்பருப்பா என்று தெரியும். முதலில் உடைவது எப்போதும் மூடியைப் பிடிக்கும் கிளிப். மூடி மட்டும் தனியாக எந்தக் கடையிலும் கிடைக்காது. எனவே டப்பா நன்றாக இருந்தும் டப்பா போச்சு.

## இடத்தை வைத்து ஒரு பட்டியல்

| இடம் | மூங்கில் | பிளாஸ்டிக் | நான் வைப்பது |
|---|---|---|---|
| ஸ்பூன், கரண்டி டிராயர் (உலர்ந்தது) | நன்று, சத்தமில்லை | நன்று, இடம் மிச்சம் | மூங்கில், ஊர் ஈரமில்லை என்றால் |
| அடுப்புக்குப் பக்கம் மசாலா | பிசுக்கு போகாது | உருகும் ஆபத்து | எவர்சில்வர் |
| சிங்குக்குக் கீழே | பூஞ்சை, ஊதும் | நன்று | பிளாஸ்டிக், ஓட்டை வைத்தது |
| பாத்திரம் வடியும் ஸ்டாண்டு | வேண்டவே வேண்டாம் | பரவாயில்லை | எவர்சில்வர் |
| வெங்காயம், உருளை | முடைந்த கூடை மிக நன்று | ஓட்டைக் கூடை பரவாயில்லை | முடைந்த கூடை |
| ஃபிரிட்ஜ் உள்ளே | வேண்டாம் | நன்று | பிளாஸ்டிக் |
| பரண் | கரையான் பயம் | மூடியுள்ளது நன்று | பிளாஸ்டிக் |
| மேசைமேல் டீத்தூள், சர்க்கரை டப்பா வைக்கும் தட்டு | நன்று | நன்று | கண்ணுக்குப் பிடித்தது |

## விலைச்சீட்டில் இல்லாத செலவு

மூங்கிலுக்கு எண்ணெய் போட வேண்டும், வார்னிஷ் தேய்ந்த பிறகாவது. வருடத்துக்கு இரண்டு முறை. எல்லாரும் செய்யும் தவறு சமையலறையில் கைக்கு எட்டுகிற எண்ணெயைப் பூசுவது. நல்லெண்ணெய் பிசுபிசுக்கும், கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கும் லிக்விட் பாராஃபின் வாங்குங்கள், அது கெட்டுப்போகாது, வாடை வராது. கேட்கும்போது கடைக்காரர் பார்க்கும் பார்வையை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மெல்லிய துணியில் தொட்டுத் தேய்த்து, ஒரு இரவு விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் போதும். அப்புறம் ஐப்பசிக்கு முன் ஒரு நாள் வெயில் காட்டுவது, மழைக்காலத்தில் ஈர ஸ்பூனைத் துடைத்துப் போடும்படி வீட்டில் எல்லாரையும் நச்சரிப்பது. கடைசியாகச் சொன்னது மிகப் பெரிய செலவு.

பிளாஸ்டிக்கின் மறைமுகச் செலவு அது மலிவாக இருப்பதே. ஒரு மூங்கில் டிரே வாங்கும் பணத்தில் பன்னிரண்டு டப்பா செட் கிடைக்கும். பன்னிரண்டில் நமக்கு உதவுவது ஐந்து அளவு. மிச்சம் ஏழையும் எங்கே வைப்பது என்று இன்னொரு கூடை வாங்குவோம். ஒழுங்குபடுத்தப் போய் ஒழுங்குபடுத்தும் சாமான்களை ஒழுங்குபடுத்த வேண்டிய நிலை எனக்கே வந்தது.

பணக் கணக்கை நேர்மையாகப் போட்டால் மூங்கில் ஜெயிக்காது. 250 ரூபாய் பிளாஸ்டிக் டிரே நாலு வருடம் வரும் என்றால், எட்டு வருடத்துக்கு 500. ஆயிரம் ரூபாய் மூங்கில் டிரே எட்டு வருடம் நன்றாக இருந்தாலும் இரட்டிப்புதான். பிடித்திருந்தால் வாங்குங்கள், மிச்சம் பிடிக்கலாம் என்று வாங்காதீர்கள்.

சுற்றுச்சூழல் என்று ஒரு வாதம் வரும். மூங்கில் வேகமாக வளர்வது உண்மை. வெட்டினாலும் கிழங்கிலிருந்து மறுபடி வருவதும் உண்மை. ஆனால் பசை போட்ட பலகை உரக்குழியில் வாழைத்தோல் மாதிரி மக்காது, சீனாவிலிருந்து கப்பலேறியும் வந்திருக்கலாம். பிளாஸ்டிக்கில் ஐந்தாம் எண்ணைப் பழைய சாமான்காரர் எடுத்துக்கொள்வார். இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் போய் இப்போது தராசில் கிலோ கணக்கு. உடைந்த பாலிஸ்டைரீனைப் பெரும்பாலும் தொடமாட்டார், அது குப்பைமேட்டுக்குத்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து இருக்கும் தடை ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்குக்கு, இந்த டப்பாக்கள் அதில் வராது. பசை இல்லாமல் நம் ஊரிலேயே முடைந்த கூடைக்குத்தான் இந்த விஷயத்தில் முழு மார்க் கொடுப்பேன்.

## யாருக்கு எது

வாடகை வீடு என்றால் பிளாஸ்டிக். 11 மாத ஒப்பந்தம், அடுத்த வீட்டில் டிராயர் அகலம் என்னவோ, டிராயரே இருக்குமோ இல்லையோ. சின்னச் சின்ன டப்பாவாக வாங்கினால் எங்கே போனாலும் பொருந்தும். கைக்குழந்தை உள்ள வீடு, வேலைக்குப் போகிற அவசரத்தில் சமையல், ஈரத்தைத் துடைக்க யாருக்கும் நேரமில்லை, அங்கேயும் பிளாஸ்டிக்தான். கடலோர ஊர்களில், குறிப்பாகத் தரைத்தள வீட்டில், மூங்கில் பக்கம் போகவே வேண்டாம்.

சொந்த வீடு, உலர்ந்த ஊர், மதுரை, ஈரோடு, திருச்சி மாதிரி. டிராயர் அளவு இனி மாறாது. ஒருமுறை வாங்கினால் பல வருடம் மாற்றாமல் இருக்க வேண்டும், எண்ணெய் போடவும் வெயில் காட்டவும் சலிப்பில்லை என்று நினைப்பவர்கள் மூங்கில் வாங்கலாம். உள்ளளவை எடுத்துக்கொண்டு போங்கள், வெளியளவை அல்ல. விரிகிற மாதிரி டிரே கிடைக்கிறது, ஆனால் அதன் நகரும் பகுதியின் இடுக்கில் சீரகமும் கடுகும் போய் உட்காரும், எடுக்க ஊசி வேண்டும்.

எவர்சில்வரை நான் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை, சித்தி மகள் அதைக் கேட்கவில்லை என்பதால். ஆனால் பட்டியலில் அது தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டது. அடுப்புக்கும் சிங்குக்கும் நடுவே இருக்கும் இரண்டு அடி மேடையில் மூங்கிலும் தேறாது, பிளாஸ்டிக்கும் தேறாது. அஞ்சறைப்பெட்டி மரத்திலிருந்து எவர்சில்வருக்கு மாறியது சும்மா இல்லை.

எதையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கல்யாண ஸ்வீட் பெட்டி, மொபைல் வந்த அட்டைப்பெட்டி, செருப்பு டப்பா, கிடைத்ததையெல்லாம் டிராயருக்குள் அடுக்கி இரண்டு வாரம் சமையுங்கள். எந்த அறை பெரிதாக வேண்டும், எது சும்மா கிடக்கிறது என்று தெரிந்துவிடும். சித்தி மகளுக்கு இதைத்தான் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து ஃபோன் செய்தாள். ஸ்பூன் டிராயர் அடுப்புக்கு நேர் கீழே இருக்கிறதாம், அதை எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டாளாம். அங்கே மூங்கில் ஒன்று. சிங்கடிக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஐந்தாம் எண் பிளாஸ்டிக். மூன்று டிராயரில் இன்னும் ஸ்வீட் பெட்டிதான் இருக்கிறது, நெய்க் கறையோடு.

என் உளு பிடித்த டிரேயைப் பற்றிக் கேட்பீர்கள். கறுப்பு பாலிதீன் உறைக்குள் கட்டி பங்குனி வெயிலில் மொட்டைமாடியில் நாலு நாள் போட்டேன். பூஞ்சையை வினிகரில் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, லிக்விட் பாராஃபின் பூசினேன். தூள் கொட்டுவது நின்றது. ஆனாலும் சமையலறைக்குள் மறுபடி விடவில்லை. இப்போது பூஜை அலமாரியில் இருக்கிறது. ஸ்பூன் அறையில் ஊதுபத்தி, கரண்டி அறையில் திரியும் தீப்பெட்டியும், குட்டி அறையில் கற்பூர டப்பா.